ஊழியம் ஓடுகிறது, ஜெபம் வரவில்லை: என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் வேலை. சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு, பாடகர் குழு, வாலிபர் ஐக்கியத்தில் செயலாளர் பொறுப்பு, மாதம் ஒரு சனிக்கிழமை முதியோர் இல்லம். ஐந்து வருடமாக இப்படி ஓடுகிறது. ஆனால் ஆறு மாதமாக வேதப்புத்தகத்தை உங்களுக்கென்று திறக்கவில்லை, முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது. கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார் ஜெபமில்லாத ஊழியம் வீண் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் நண்பரோ, சேவைதான் ஜெபம், இதற்கெல்லாம் கவலைப்படாதே என்கிறார். யார் சொல்வது சரி, ஊழியத்தையெல்லாம் விட்டுவிட்டு ஆவிக்குரிய வாழ்க்கையை முதலில் சரிசெய்துகொள்ளட்டுமா என்று கேட்கிறீர்கள். மேலே பார்த்தால் நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்ற கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி வரியில், நான் நடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் 34 வருடம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஒன்பது வருடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளின், அதாவது நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கிற ஆயர். மீதி பெரும்பாலும் கிராமச் சேகரங்கள், ஒரே ஆயரின் பொறுப்பில் பல சபைகள். செமினரியில் கிரேக்கம் படித்தேன், நன்றாகவே படித்தேன். இருந்தாலும் நீங்கள் கேட்ட விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டிலும் என் வீட்டுச் சமையலறையிலும் தெரிந்துகொண்டது. இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய உள்நிலையை நாலு பத்தியை வைத்து யாரும் அளந்து சொல்ல முடியாது. அப்படி முடியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தக் கேள்வி வந்தாலே எல்லாரும் லூக்கா 10ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். மரியாள் இயேசுவின் பாதத்தில் உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் அடுப்படியில் அல்லாடினாள், மரியாள்தான் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள், ஆகையால் வேலையைக் குறைத்து ஜெபத்தைக் கூட்டு என்று பிரசங்கம் முடியும். நானே இருபது தடவையாவது அப்படிப் பிரசங்கித்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால், பிரசங்கம் முடிந்து வெளியே வந்தால், சபையாருக்குக் காப்பி போட அந்த ஆராதனையையே பாதியில் விட்டுப் போன நாலு பெண்கள் டம்ளரோடு நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு நாள் அந்தப் பகுதியை முன்னும் பின்னும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். மார்த்தாள் கதைக்கு நேர் முன்னால் இருப்பது நல்ல சமாரியன் உவமை. அது ‘நீயும் போய் அந்தப்படியே செய்’ என்று முடிகிறது. மார்த்தாள் கதைக்கு நேர் பின்னால், 11ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், சீஷரில் ஒருவன் ஜெபம்பண்ணக் கற்றுக்கொடும் என்று கேட்கிறான். எழுந்து போய்க் காயம் கட்டு என்பதற்கும் ஜெபிக்கக் கற்றுக்கொள் என்பதற்கும் நடுவில் இந்த இரண்டு சகோதரிகளின் வீட்டை லூக்கா வைத்திருக்கிறார். வேலை செய்கிறவளைக் குறைத்துச் சொல்லத்தான் அவர் இதை எழுதினார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மார்த்தாளுக்கு என்னதான் பிரச்சினை? ‘பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்து’ என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. கிரேக்கத்தில் அங்கே இருக்கிற வினைச்சொல்லுக்கு நாலா பக்கமும் இழுபடுவது என்று பொருள். கை அடுப்பில், கண் கூடத்தில், மனசு தங்கை மேல். அவள் வாயிலிருந்து வருகிற முதல் புகாரைக் கவனியுங்கள். வேலை அதிகம் என்று அவள் சொல்லவில்லை. நான் தனியே செய்கிறேன், இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், உமக்குக் கவலையில்லையா என்கிறாள். அடுத்தவளோடு ஒப்பிட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். இயேசு பேர் சொல்லித் திருத்துவது ‘கவலைப்பட்டுக் கலங்குகிறாய்’ என்பதைத்தான். சமைத்ததற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. யோவான் 12இல் அதே குடும்பத்தோடு மறுபடி விருந்து நடக்கிறது. அங்கேயும் ‘மார்த்தாள் பணிவிடைசெய்தாள்’ என்றே இருக்கிறது. புகார் மட்டும் இல்லை. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். ‘தேவையானது ஒன்றே’ என்ற வாக்கியத்தின் மேல் மட்டும் அதிகப் பாரத்தை ஏற்ற வேண்டாம். பழைய கையெழுத்துப் படிகள் அந்த இடத்தில் ஒன்றுபோல இல்லை. சிலவற்றில் சில காரியங்களே தேவை, அல்லது ஒன்றே போதும் என்கிற மாதிரி இருக்கிறது. அந்த ஒன்று ஜெபம், அந்த ஒன்று தியானம் என்று அறுதியிட்டுச் சொல்கிறவர்கள் வசனத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நம் தமிழிலேயே இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தியாகோனியா, அதாவது பணிவிடை, என்று ஒரே சொல் வருகிற இடங்களில் நம் வேதாகமத்தில் வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. மார்த்தாள் செய்வது வேலை. விதவைகளுக்குச் சாப்பாடு போடுவது பந்திவிசாரணை. அப்போஸ்தலர் வசனம் போதிப்பது ஊழியம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்திக்கும் பிரசங்கத்துக்கும் மூலத்தில் இருப்பது ஒரே சொல்தான். பந்தியில் சோறு போடுவதும் தியாகோனியா, வசனம் சொல்வதும் தியாகோனியா. தமிழில் படிக்கிற நமக்கு இரண்டும் இரண்டு ஜாதி மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் மைக் பிடிக்கிறவரை ஊழியக்காரர் என்கிறோம், சபை விருந்தான அசனத்துக்கு அண்டா கழுவுகிறவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. உங்கள் பட்டியலிலும் ஓய்வுநாள் பள்ளி, பாட்டு, சங்கம், முதியோர் இல்லம் எல்லாம் ஊழியம் என்ற தலைப்பில் இருக்கிறது. நோயாளியான அப்பாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதைத் தனியாக, நேரம் கிடைக்காததற்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தவுடன் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அதை ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை?

ஊழியம் என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரிப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் கூலியில்லாமல் அரசாங்கத்துக்குச் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றுதான் பெயர். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது ஊழியத்துக்கு இழுக்காதீர்கள் என்பது அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் கேட்டு வாங்கிய சலுகைகளில் ஒன்று. இப்போது நமக்கு வாரத்தில் ஊழியம் அதிகமாக இருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்! சிரிப்புக்குச் சொன்னாலும், உங்கள் ஊழியம் இதில் எந்த வகை என்று நீங்களே கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடியாததால், சொன்னால் ஆயர் என்ன நினைப்பார் என்பதால், ஐந்து வருடமாகச் செய்தாகிவிட்டது என்பதால் செய்கிறீர்களா? அப்படியானால் அது திருவிதாங்கூர் ஊழியம். ஜெபம் வற்றியதற்கு அதுவே போதுமான காரணம்.

என் கதையையும் சொல்கிறேன். சேகரத்தில் ஏழு சபைகள் வைத்திருந்த காலம். டிசம்பர் மாதம், பொடி அரிசி மாதிரி நேரத்தை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தேன். ஒரு இரவு பத்தரை மணிக்கு, ஒரு வயதானவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பாட்டு மேசையில் தட்டு இல்லை. என் மனைவி படுத்திருந்தார். “சாப்பாடு இல்லையா?” என்றேன். “மூணு நாளா எனக்குக் காய்ச்சல். ஊருக்கெல்லாம் மாத்திரை வாங்கிக் கொடுக்கறீங்க, நல்லாயிருங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. மூன்று நாளும் அதே வீட்டில்தான் தூங்கியிருக்கிறேன். அன்றைக்கு யாராவது வந்து உன் ஆவிக்குரிய வளர்ச்சி எப்படி என்று கேட்டிருந்தால், அந்த வருடம் நான் கொடுத்த திருமுழுக்கு எண்ணிக்கையைச் சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் என் ஜெபமும் குறைந்திருக்கவில்லை, காலையில் ஒழுங்காக ஒரு மணி நேரம் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே ஜெப நேரத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையை நான் அனுபவத்திலேயே சந்தேகிக்கிறவன்.

மத்தேயு 6ஆம் அதிகாரம் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அங்கே இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் வரிசையாக எடுக்கிறார். எது பெரியது என்று தரம் பிரிக்கவில்லை. மூன்றுக்கும் ஒரே ஆபத்து, மூன்றுக்கும் ஒரே மருந்து. மனுஷர் காணச் செய்வது ஆபத்து, அந்தரங்கம் மருந்து. ஜெபம் தானாகவே சுத்தம், சேவை தானாகவே வெளிவேஷம் என்றோ, அல்லது அதற்கு நேர்மாறாகவோ அவர் சொல்லவேயில்லை. சந்து முனையில் நின்று ஜெபிக்கிறவனும் தாரை ஊதுவித்துத் தர்மம் செய்கிறவனும் அங்கே ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்குத் தாரைக்குப் பதில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஒரு பாட்டிக்குப் போர்வை கொடுக்கிறோம், அந்தப் போர்வையை ஏழு பேர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறோம், பாட்டி எங்கே பார்க்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நடிக்கிறேனோ என்ற பயம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது, ஏனென்றால் எப்போதும் யாரோ பார்க்கிற இடத்தில் நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

சரி, உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். சேவைதான் ஜெபம் என்பதில் பாதி உண்மை, அதுவும் பெரிய பாதி. நான் சாப்ளினாகப் போன முதல் வாரம். ஆண்கள் பொது வார்டில் ஒரு பெரியவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். பக்கத்தில் போய் வேதப்புத்தகத்தைத் திறந்து, “ஐயா, ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்கட்டுமா?” என்றேன். “ஐயரே, ஜெபம் அப்புறம் பண்ணலாம். அந்த மூத்திரக் குடுவையை முதல்ல எடுத்துக் குடுங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடுவையைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது, “இப்ப வாசிங்க” என்றார். அன்று வாசித்தது எந்தச் சங்கீதம் என்று மறந்துவிட்டது. கட்டிலுக்கடியில் குடுவையை மாட்டுகிற கம்பி வளையம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மத்தேயு 25இல், பசித்தவனுக்கும் வியாதியஸ்தனுக்கும் உதவிய நீதிமான்கள், ஆண்டவரே, உம்மை நாங்கள் எப்பொழுது கண்டோம் என்று கேட்கிறார்கள். செய்தபோது அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, எந்தப் பரவசமும் வந்ததாக அங்கே எழுதியிருக்கவில்லை. ‘எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்’ என்பது பிறகுதான் தெரிகிறது. ஆகவே செய்யும்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதை வைத்து அது பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

மீதிப் பாதியில் உங்கள் நண்பர் தவறுகிறார். சேவையே ஜெபம் என்று உலகம் யாரை வைத்துச் சொல்கிறதோ, அந்த அன்னை தெரசாவின் சபையில் விடியற்காலை ஜெபமும் திருப்பலியும் முடிந்துதான் வேலைக்குப் போவார்கள். 1973இலிருந்து தினமும் ஒரு மணி நேரம் நற்கருணை முன்னால் அமர்ந்து ஜெபிப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வே அவருக்கு இல்லாமல் இருந்திருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய 1979உம் அந்த இருட்டுக்குள்தான். அவரை வைத்து உதாரணம் சொன்னால் நம் சபைகளில் சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். எனக்கு அந்தக் கடிதங்கள் ஆறுதல். வறட்சி என்பது விசுவாசம் போய்விட்டதற்கு அடையாளமாக இருந்தே ஆகவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், உணர்வு வராத அந்த வருடங்களிலும் அவர் ஜெப வேளையை விட்டுவிடவில்லை. நம் பக்கத்திலேயே வேண்டுமானால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921இல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பேட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கியது. ஊரார் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டார்கள். புறநோயாளிகளைப் பார்ப்பதும் ஜெப மணிக்கு எழுந்து போவதும் ஒரே நாளின் ஒழுங்காக அங்கே இருந்தது.

இயேசுவே அப்படித்தான். மாற்கு முதல் அதிகாரத்தில் சாயங்காலம் ஊரே வாசலில் கூடுகிறது, இரவு வரை சுகமாக்குகிறார். ‘அதிகாலையில், இருட்டோடே எழுந்து’ தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். எந்தச் செயலாளருக்கும் பழக்கமான வசனம்! அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். தேடி வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் ஆம் சொல்லவில்லை என்பதை இந்த இடத்தில் நான் ரொம்ப வருடம் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன்.

இனி உங்கள் வறட்சிக்கு என்ன காரணம் என்பது. இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் கலந்திருக்கிறது. நிச்சயமானது: நீங்கள் செய்கிற சேவையால் கடவுளிடம் மதிப்பெண் சேர்வதில்லை, நிறுத்தினால் குறைவதுமில்லை. எபேசியர் 2ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனம் கிருபையினாலே என்று ஆரம்பித்து, அந்தப் பேச்சு நற்கிரியைகளுக்கென்று நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று மூன்றே வசனத்துக்குள் முடிகிறது. வரிசையை மாற்றினால்தான் கோளாறு. நிச்சயமில்லாதது: இந்த வறட்சி களைப்பா, யார் மேலாவது இருக்கிற கசப்பா, அல்லது பழைய துறவிகள் ஆத்துமாவின் இருள் என்று சொன்ன வளர்ச்சிப் படியா என்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்ளினாக நான் கற்றுக்கொண்ட வழக்கம், முதலில் உடம்பைச் சந்தேகப்படுவது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, சாகிறேன் என்றபோது தூதன் வேதபாடம் எடுக்கவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்று சொன்னதே அந்த இரண்டாம் தடவைதான். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறதென்றால், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. ஜெபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாட்டிலும் நண்பர்களிடமும் எதிலுமே ருசி இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், ஆயரிடம் போவதற்கு முன்னால் மனநல மருத்துவரிடம் போங்கள். அது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வளர்ச்சி எதில் தெரியும் என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். எரிச்சல் வருகிற நேரத்தில் தெரியும் என்று நினைக்கிறேன். இன்னொரு விதமாகச் சொன்னால், வேலையை யாராவது நம் கையிலிருந்து வாங்கிவிட்டால் தெரியும். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை, சுமார் இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலும்தான் வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர், ஓடியாடியே பழகியவர். அந்தக் காலத்தில்தான் நிறைய எழுதினார், பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த அறைக்கு வந்து போனார்கள். நாளைக்கே குரல் போய்விட்டது, பாடகர் குழுவில் நிற்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சபைக்குள் போய்க் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார உங்களால் முடியுமா? எனக்கு ஓய்வு பெற்ற முதல் வருடம் முடியவில்லை. புது ஆயர் திருவிருந்துப் பாத்திரத்தைத் துடைக்கிற முறையைக்கூட மனசுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.

சேவை நம்மை வளர்க்க வேண்டுமானால் இன்னொன்று வேண்டும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, பிற்பாடு தோர்ணக்கல் பேராயராக இருந்தவர், 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேராக ஒன்று சொன்னார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பில்லாவிட்டால் எல்லாம் வீண் என்கிற 1 கொரிந்தியர் 13ஐ அப்படியே அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் போகிற நமக்கும் அது பொருந்தும். போகிறோம், நாலு பாட்டு, ஒரு செய்தி, ஜெபம், பிஸ்கட் பாக்கெட், குரூப் போட்டோ. ஐந்து வருடத்தில் அங்கே எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? அவர்களில் யாராவது உங்களுக்காக ஜெபித்ததுண்டா, நீங்கள் கேட்டதுண்டா?

ஒரு கிராமச் சபையில் பிடி அரிசிக் காணிக்கை எண்ணும்போது உடனிருந்ததுண்டு. சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டுவைத்து, வாரக்கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மிசோரத்திலும் 1910இலிருந்து இதே வழக்கம் இருக்கிறது, அந்த அரிசியிலேயே எத்தனையோ மிஷனெரிகளை அனுப்பியிருக்கிறார்கள். நம் சாக்கில் எல்லா வீட்டு அரிசியும் கலந்து கிடக்கும். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, நடுநடுவே மட்டை அரிசியின் சிவப்பு. ஒன்றுபோல் வேகாது, அதனால் ஏலத்தில் பெரிய விலை போகாது, பாதி நாள் கோழி வளர்க்கிறவர்தான் எடுப்பார். அந்த ஊரில் ஒரு அம்மா, தனியாள், ரேஷன் அரிசிதான். “உங்களுக்கே பத்தாதே, எதுக்கும்மா?” என்று கேட்டேன். “அரிசி எடுக்கும்போது ஒரு தடவ அவரை நெனைக்கேன்லா, அதுக்குத்தான் ஐயரே” என்றார். ஜெபமா சேவையா என்ற உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

ஆகவே எல்லாவற்றையும் விடவேண்டாம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். செயலாளர் பொறுப்பிலிருந்து மூன்று மாதம் விலகிக்கொள்வதாகச் சொல்லுங்கள். யாராவது ‘நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல்’ என்ற வசனத்தைச் சொல்லுவார்கள், சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டு விலகுங்கள். சபை நின்றுவிடாது, நான் இல்லாமலும் என் சபைகள் நன்றாகவே நடக்கின்றன. ஓய்வுநாள் பள்ளியை விடாதீர்கள், பிள்ளைகளை நடுவருடத்தில் கைமாற்றுவது நல்லதல்ல. ஒரு மணி நேர ஜெபம் என்று பெரிய தீர்மானமெல்லாம் இப்போது எடுக்கவேண்டாம். காலையில் ஒரு சங்கீதம், வாய்விட்டு, நின்றுகொண்டே. உட்கார்ந்தால்தானே தூக்கம் வருகிறது! அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற நாளில் அந்த நாலு மணி நேரக் காத்திருப்பில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த அறையில் படுத்திருக்கிறவர்களை ஒவ்வொருவராக மனசுக்குள் பேர் சொல்லி நினைத்துப் பாருங்கள். பேர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், யாருக்கும் தெரியாத ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை என்று எனக்கும் எழுதவேண்டாம்.

முதியோர் இல்லத்துக்கு அடுத்த தடவை தனியாகப் போங்கள். கிட்டார், பிஸ்கட் எதுவும் வேண்டாம், நல்லதாக ஒரு நகவெட்டி மட்டும் எடுத்துப் போங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து காலைத் தொட முடியாது, கால் நகம் தடித்து வளைந்து கிடக்கும், வெட்டிவிட ஆள் இருக்காது. சர்க்கரை நோய் உள்ளவரா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு நீங்கள் வெட்டக் கூடாது. மற்றவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவிட்டால் நகம் இளகிவிடும். துடைக்க ஒரு துண்டு கொண்டுபோக மறக்காதீர்கள்.